ஆணி வைத்த டயர்

அன்புள்ள வாண்டுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொல்கிறாய், ஆனால் உன் வாயைவிட உன் எலும்பை நம்புகிறவள் நான், அதனால் தோள், மணிக்கட்டு, முழங்கால் என்று ஒவ்வொன்றின் சுகத்தையும் தனித்தனியாகச் சொல். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிப்பாய். நான் என்ன செய்ய, போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்கிறார், போட்ட பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார். மெசேஜ் அனுப்பலாம் என்றால் சாயங்காலம் முழுக்க என் போன் அவர் கையில்தான் இருக்கிறது. அவர் காதுக்கும் கண்ணுக்கும் போகாமல் உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது, அதனால் இதை எழுதி உன் பார்சலுக்குள்ளேயே வைக்கப்போகிறேன். என்ன செய்யச் சொல்லி எழுதப்போகிறேன் என்பது எனக்கே இன்னும் பிடிபடவில்லை. எழுத எழுதத் தெளியும் என்று ஒரு நம்பிக்கை.

பார்சல் வந்த நாளிலிருந்து சொல்கிறேன். உன் மலைச் சைக்கிளுக்குக் குளிர்காலச் சாமான்களை ஆர்டர் செய்தபோது பழைய முகவரியை மாற்ற மறந்துவிட்டாய், எல்லாம் பனியே விழாத நம் ஊருக்கு வந்து வாசலில் இறங்கின. திருப்பி அனுப்பிவிடு என்று நீ சொன்னாய், எதற்கு, நாமே பிரித்துப் பார்த்து அவளுக்கு அனுப்பிவிடலாம் என்றார் அப்பா. அன்றைக்கு உன் அத்தையும் வந்திருந்தார். முதலில் வெளியே வந்தது கறுப்பாக இரண்டு பெரிய பைகள், ஒரு பக்கம் அகன்ற வாய், மறுபக்கம் ஒரு சின்ன ஓட்டை. நான் ஒன்றில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்தேன், ஓட்டை எதற்கென்று புரியவில்லை. அத்தை அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது குதிரை மூஞ்சியில கட்டுற கொள்ளுப் பை மாதிரில்ல இருக்கு, சைக்கிளுக்குத் தீனி போடுவாளோ" என்றார். பெட்டியில் இருந்த படத்தைப் பார்த்த பிறகுதான் அதைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டி, உள்ளே கையை விட்டுக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று தெரிந்தது. அடுத்து முழங்கால் கவசம், அதற்கடுத்து கண் மட்டும் தெரிகிற முகமூடி. "படிக்கப் போனாளா, பேங்க்கைக் கொள்ளையடிக்கப் போனாளா, கேட்டுச் சொல்லு" என்று உன் அத்தை என்னிடம் கேட்டார். நான் சிரித்தேன், ஆனால் எனக்கும் கேள்வி அதுதான். சாலையில் சைக்கிள் ஓட்டுவது புரிகிறது. மரங்களுக்கு நடுவே, வேர்களும் கற்களும் கிடக்கிற ஒற்றையடிப் பாதையில், விரல் விறைக்கிற குளிரில், மேலே வரை மூச்சு வாங்க மிதித்துப் போய், பிறகு வந்த வழியிலேயே கீழே விழுவது போல இறங்குவதில் என்ன இருக்கிறது. குறை சொல்லக் கேட்கவில்லை வாண்டு, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறேன்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன குளிர்காலத்தில் அந்தப் பாதையில் விழுந்து உனக்குக் காறை எலும்பு முறிந்ததை நீ எங்களிடம் சொல்லவே இல்லை. உன் அம்மா நாள் முழுக்க எக்ஸ்ரே அறையில் நிற்பவள் என்பதை மறந்து, கழுத்து அகன்ற சட்டையோடு ஒரு போட்டோ அனுப்பினாய். இடது பக்கம் எலும்பு கூடிய இடத்தில் ஒரு மேடு. நீ தோழிகளோடு சிரித்துக்கொண்டிருந்தாய், நான் அந்த மேட்டையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிடம் கேட்டேன், ஒப்புக்கொண்டாய், அப்பாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து உன் சைக்கிள் பேச்சு வந்தால் எழுந்து போய்விடுகிறார். கோபமா என்று கேட்டால் தண்ணீர் கொண்டு வா என்பார், பயமா என்று கேட்டால் தண்ணீர் கொண்டு வந்தாயா என்பார். ஸ்பீக்கரில் உன் குரலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற பழக்கமும் அதற்குப் பிறகுதான்.

அப்படிப்பட்ட மனிதர், பார்சலில் கடைசியாக இரண்டு டயர்கள் வந்தபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு வருஷத்தில் உன் சைக்கிள் சம்பந்தப்பட்ட ஒன்றை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. தரையில் உட்கார்ந்து, தன் பஞ்சர் கடையில் உட்காருவது போலவே ஒரு காலை மடக்கி, டயரை முழங்காலில் வைத்து உருட்டினார். உருட்டிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். ரப்பரில் பொட்டுப் பொட்டாக இரும்பு. "ஆணி" என்றார். இன்னும் கொஞ்சம் உருட்டி, "இங்கயும் ஆணி" என்றார். முகம் சிவந்துவிட்டது. "எவனோ ஆணி மேல ஓட்டித் தூக்கிப் போட்ட டயரைக் கழுவி, புதுசுன்னு நம்ம பொண்ணு தலையில கட்டிட்டான். இதை மாட்டிக்கிட்டுத்தான் அவ மலையில இறங்கணுமா" என்றார். அத்தை உடனே, "தூரத்துல இருக்கிற பொண்ணுன்னா எல்லாருக்கும் இளக்காரம்தான்" என்று எடுத்துக்கொடுத்தார்.

உனக்கு இப்போதே புரிந்திருக்கும், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாயா, தலையில் கை வைத்துக்கொண்டாயா தெரியவில்லை. எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. நானும் பனியைக் கண்டவளில்லை. உன் அப்பா வாழ்க்கை முழுக்கப் பஞ்சர் கடையில் டயரிலிருந்து ஆணி எடுத்தவர், ஆணியைக் கண்டால் அவர் கை குறடைத் தேடுமே தவிர யோசிக்காது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை, ஆனாலும் இரண்டு டயரையும் தோளில் மாட்டிக்கொண்டு போனார். மத்தியானம் சாப்பாடு கொண்டு போனபோது பார்க்கிறேன், வெளிச்சம் படுகிற இடத்தில் பலகையைப் போட்டுக்கொண்டு, ஒன்று விடாமல் எல்லா ஆணியையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு குழியிலும் ரப்பர் வைத்துச் சூடு காட்டி அடைத்துக்கொண்டிருக்கிறார். விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். அடைத்த இடமே தெரியவில்லை, கன்னம் போல இருந்தது. "நல்லவேளை, ஒண்ணுகூட உள்ள வரைக்கும் போகல. இனிமே அவளுக்குப் பஞ்சரே ஆகாது" என்றார். அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நீ பரிசு வாங்கிய நாளில் இருந்த முகம் அது.

எடுத்த ஆணிகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருந்தார், கம்பெனிக்காரனுக்குக் காட்ட. "நீதான் காலேஜ் படிச்சவளாச்சே, நல்லா உறைக்கிற மாதிரி இங்கிலீஷ்ல ஒரு புகார் எழுது" என்றார். புகார் அனுப்ப முகவரி தேடித்தான் கம்பெனியின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே அதே டயர், அதே ஆணிகளோடு, பனிக்கட்டியைப் பிடித்துக்கொள்வதற்காகவே வைத்தது என்று எழுதியிருந்தது. நம்பாமல் வீடியோவைத் தேடினேன். உறைந்த ஏரி மேல் ஒருவன் ஆணி டயரில் வளைந்து வளைந்து போகிறான், ஆணி இல்லாத டயரில் வந்த இன்னொருவன் திரும்புகிற இடத்தில் மாவு மூட்டை மாதிரி விழுகிறான், இடது பக்கமாக. நான் போனை மூடிவிட்டேன். பிறகு இன்னொரு வீடியோவில் பனியில் போகும்போது டயரில் காற்றைக் குறைத்துக்கொள்ளச் சொன்னான். காற்று குறைந்தால் தள்ளத்தானே வேண்டும், அதை எப்படி ஓட்டுவது. ஆணி இருந்தால் நல்ல டயர், காற்று குறைந்தால் நல்ல ஓட்டம், வெயில் காலத்தை விட்டுவிட்டுக் குளிரில் போவது நல்ல பொழுதுபோக்கு. நீ இருக்கும் இடத்தில் எல்லாமே தலைகீழா, இல்லை நாங்கள்தான் தலைகீழாக நின்று பார்க்கிறோமா.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதக் கடைசியில் உன் கூட்டத்தோடு அந்தப் பாதையில் பனியில் இறங்கப்போவதாகச் சொன்னாயே, இந்த டயரை மாட்டிக்கொண்டு போகாதே. வழவழவென்று இருக்கிறது, உன்னை நேராகத் தரைக்குக் கொண்டு போய்விடும். வேறு வாங்கிக்கொள். ஆனால் அப்பாவிடம் இதைத்தான் மாட்டியிருக்கிறேன் என்று சொல்லு. தூரத்திலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, சக்கரம் தெளிவாகத் தெரியக் கூடாது. ஒரு வருஷம் கழித்து உனக்காக ஒன்று செய்திருக்கிறார், அது நீ விழுவதற்குச் செய்த வேலை என்று நான் எந்த வாயால் சொல்வது. பொய் சொல்லாதே என்று உன்னை வளர்த்தவளே இதை எழுதுகிறேன்.

இதுவரை எழுதி, முகமூடிக்குள் செருகி வைத்து இரண்டு நாள் ஆகிறது. இப்போது வெளியே எடுத்து மீதியை எழுதுகிறேன். முன்னால் எழுதியதை அடிக்கவில்லை, புதிதாக எழுதத் தெம்பும் இல்லை.

நேற்றுச் சாயங்காலம் அப்பா புகார் என்ன ஆயிற்று என்று கேட்டார், எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். சரி, கூட ஒரு போட்டோ வைத்தால் அவனுக்கு வாய் அடைக்கும் என்று பழைய பேப்பரை விரித்து, டப்பாவிலிருந்த ஆணிகளைக் கொட்டி வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். நான் அடுக்களையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி அடுக்கியதும் கை நின்றது. ஒன்றை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இத்தனை வருஷத்துல ரோட்டுல குத்துன ஆணி ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்து நான் பார்த்ததில்ல. இதுல ஒண்ணுகூட வளையல, ஒண்ணுல கூடத் துரு இல்ல, எல்லாம் ஒரே அளவு" என்றார். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தேன். "இது யாரோ வச்ச ஆணி, இல்லையா" என்றார். ஆமாம் என்றேன். "உனக்கு எப்போ தெரியும்" என்றார். புகார் எழுத உட்கார்ந்த அன்றைக்கே என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. "நான் கோவிச்சுக்குவேன்னு அவ விழுந்ததை மறைச்சா. நான் வருத்தப்படுவேன்னு நீ இதை மறைக்கிற. இந்த வீட்டுல நான் என்ன புலியா, இல்ல பொம்மையா" என்று கேட்டார். பிறகு ஆணிகளை ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டுக்கொண்டே, "அவ இதை மாட்டியிருந்தா" என்றார். மாட்டாதே என்றுதான் அவளுக்கு எழுதியிருக்கிறேன் என்று சொன்னேன். என்னத்தை எழுதினாய் என்று அவர் கேட்கவில்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டு, அந்த வீடியோவைக் காட்டச் சொன்னார். ஏரியில் விழுந்தவனைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில், "வேகத்தால விழல, டயர் பிடிக்காமத்தான் விழறான். நம்ம பொண்ணும் அப்படித்தான் விழுந்திருப்பா, ஓட்டத் தெரியாம இல்ல" என்றார். ஒரு வருஷமாக அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்தது அதுதானா, தெரியவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கூட இருந்தும் சில சமயம் அவர் எனக்கு, எலும்பு எது நிழல் எது என்று பிரிக்க முடியாத படம் மாதிரிதான் இருக்கிறார்.

இன்று காலையில் டயர்களைத் திரும்பக் கடைக்கு எடுத்துப் போனார். அடைத்த ரப்பரைத் தோண்டி எடுத்துவிட்டு ஆணிகளைத் திரும்ப வைக்கிறாராம். உனக்கு அனுப்புவதற்கு இல்லை, "நான் கை வச்ச டயர்ல அவ ஏறக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எப்படிப் பொருத்துகிறார்கள் என்று கற்றுக்கொள்ளத்தானாம். ஒன்றைக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். லாரி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னண்ணே, டயருக்கு ஆணி குத்துற வேலையையும் நீங்களே ஆரம்பிச்சிட்டீங்களா, அப்ப தொழில் படுத்திருச்சா" என்று கேட்டாராம். "இது பனியில ஓட்டுற டயர், எம் பொண்ணோடது" என்று இவர் சொன்னாராம். சாப்பிட வந்தபோது அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார்.

ஆகவே பார்சலில் டயர் இல்லை என்று தேடாதே. அதே டயரைப் புதிதாக உன் முகவரிக்கே ஆர்டர் செய்தாகிவிட்டது, முகவரியை அவர் படிக்க நான் அடித்தேன், மூன்று பேரும் ஆளுக்கொன்றாகச் செய்த தப்பு இனி நடக்காது. அது வந்து சேரும் வரை பனிக்கட்டியில் இறங்காதே. கைப்பிடிப் பைகள், முழங்கால் கவசம், முகமூடி எல்லாம் இதில் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது, அப்பா கடையில் காற்று அளக்கிற மீட்டர், அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்குமே, அதேதான். துடைத்து அவரே வைத்தார். ஊருக்கெல்லாம் காற்றை ஏற்று ஏற்று என்று சொல்கிறவருக்குப் பனியில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பது தெரியவில்லையாம், "அளந்து பார்த்து அவளையே சொல்லச் சொல்லு" என்றார். நீ என்னிடம் சொல்லி நான் அவரிடம் சொல்ல வேண்டாம். அவருடைய பட்டன் போனுக்கே கூப்பிடு. அவருக்கு ஸ்பீக்கர் போடத் தெரியாது, அதனால் எனக்குக் கேட்காது, பரவாயில்லை.

நான் முன்னால் சொல்லச் சொன்ன பொய்யை மறந்துவிடு. என் குழப்பம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே, நீ ஏன் அந்த மலையில் ஏறுகிறாய் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை, மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று தினமும் காலண்டரில் எண்ணுகிறேன். ஆனால் விழுந்தால் சொல்லு. அன்றைக்கே சொல்லு, போட்டோவில் கண்டுபிடிக்க வைக்காதே. உனக்கு நல்ல புத்தியும் நல்ல பிரேக்கும் எப்போதும் இருக்கட்டும், போன இடமெல்லாம் உனக்குத் தரை பிடிக்கட்டும். நீ சாமான் ஆர்டர் செய்த அந்த இணையக் கடைப் பக்கத்தில் நம் வீட்டு முகவரியை மாற்ற மறக்காதே. இல்லை, அழித்துவிடாதே, இரண்டாவதாக இருக்கட்டும்.

பார்சலைக் கட்டக் கயிறோடு அப்பா நிற்கிறார், நிறுத்துகிறேன்.

உன் மேட்டு எலும்பை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா