காது உடைந்த ஆட்டுக்குட்டி

என் அன்பான செலக்டர் சாருக்கு,

இன்று விடிந்ததும் முதல் வேலையாக, கூடத்தில் கட்டி வைத்திருந்த பழைய சாமான் மூட்டையை அவிழ்த்து நம்ம ஆட்டை வெளியே எடுத்தேன். பல் தேய்த்ததுகூட அதற்கப்புறம்தான்.

மூட்டை என் தம்பி சேகர் கட்டியது. நாளைக்கு என்னைப் பெங்களூருக்குக் கூட்டிப்போகக் காரோடு வந்திருக்கிறான். வீட்டைப் பூட்டி உங்க அக்காவிடம் சாவி கொடுப்பது என்று அவர்களுக்குள் பேச்சு முடிந்துவிட்டது. பிள்ளை இல்லாதவள், புருஷன் போய் வருஷமாகிறது, ஆம்பூரில் தனியாக என்ன செய்வாள்? ஷூ கம்பெனி ஆபீஸில் எனக்கு இருக்கிற வேலையை நான் விடப்போவதாகவும் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். எல்லோரையும் கேட்டார்கள், என்னைத் தவிர. "அலுமினியம்க்கா, நல்ல வெயிட்டு. எடைக்குப் போட்டுடலாம்" என்று உங்கள் ஆட்டுக்குட்டி கேக் அச்சை மூட்டையில் போட்டபோதும் கேட்கவில்லை.

அது வந்த நாள் நினைவிருக்கிறதா? தோல் வாங்க வந்த ஜெர்மன்காரர், ஈஸ்டருக்கு எங்கள் ஊரில் இதில்தான் கேக் சுடுவோம் என்று உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு பாதியாகத் திறக்கிற, படுத்திருக்கும் ஆட்டுக்குட்டி. "தெனம் ஆட்டுத்தோலப் பாத்துப் பாத்து பேஜாராயி கெடக்கறேன். இந்த ஆளு முழு ஆட்டையே குடுத்துட்டுப் போய்ட்டான்" என்று சிரித்தீர்கள். முதல் தடவை கேக் அச்சோடு ஒட்டிக்கொண்டதும், ஷூவுக்கு சோல் வார்க்கிற அச்சில் ஒட்டாமலிருக்க அடிக்கும் ஸ்பிரேயைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து நின்றீர்கள். "சாப்புடற பொருளுங்க இது!" என்று நான் கத்தியது தெருவுக்கே கேட்டது. அப்புறம்தான் வெண்ணெயும் மைதாவும் மூலை மூலையாகத் தடவப் பழகினோம்.

கேக் ஆறி, அச்சைத் திறந்ததும் நீங்கள் செலக்டர் டியூட்டிக்கு வந்துவிடுவீர்கள். கம்பெனியில் தோலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பித் தரம் பிரிக்கிற அதே பார்வை. "வயித்துப் பக்கம் லூஸு. முதுகு பரவால்ல. காது போச்சு, ரிஜெக்ட்!" உடைந்த காது உடனே உங்கள் வாய்க்குள் போகும். ஒருமுறைகூட எனக்கு முதல் தரம் கொடுத்ததில்லை. கேக்குக்கு மட்டுமா அந்தக் கறார்? என் குழம்புக்கு, என் புடவைக்கு, என் பேச்சுக்கு? எல்லா நாளும் எனக்குச் சிரிப்பு வரவில்லை, தெரியுமா?

இன்று உங்கள் முதல் வருஷப் படையல். வாசனை பிடித்துக்கொண்டு உங்க அக்கா சமையலறைக்கு வந்தார்.

"இன்னாடி கோமதி இது?"

"ஆட்டுக்குட்டி கேக்கு, அண்ணி. அவரு படையலுக்கு."

"படையலுக்குக் கேக்கா? வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? பொறந்த நாளா கொண்டாடறோம்?"

"இலையில மட்டன் கொழம்பு இருக்கே அண்ணி. ஆட்டை வைக்கலாம், ஆட்டுக்குட்டி வைக்கக் கூடாதா?"

சேகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்க அக்கா திரும்பிப் பார்த்ததும் இருமுவது போல நடித்தான்.

அச்சைத் திறந்தேன். இடது காது அச்சிலேயே தங்கிவிட்டது.

"பாத்தியா? காதில்லாத ஆட்டையா அவன் முன்னாடி வைப்ப? மேல கிரீமாவது பூசி மறைடி."

குறை ஜாஸ்தி உள்ள தோலுக்குத்தான் பெயிண்டும் ஜாஸ்தி அடிப்பார்கள் என்று நீங்கள் சொல்வீர்களே. ஒரு வருஷமாக என் மேலும் அடித்துப் பார்க்கிறார்கள். 'பாவம்' என்று ஒரு பூச்சு. 'தனி ஆளு' என்று அதன் மேல் இன்னொன்று. அடியில் இருப்பது நான்தானா என்று எனக்கே சில நாள் சந்தேகம் வந்தது.

"பூச வேணாம் அண்ணி. இப்படியேதான் வைப்பேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. ஒற்றைக் காது ஆட்டை உங்கள் படத்துக்கு நேராக இலையில் வைத்தேன். சூடம் ஏற்றச் சேகர் தீப்பெட்டிக்குக் கை நீட்டினான். கொடுக்கவில்லை. நானே ஏற்றினேன்.

சாப்பிட்டு முடிந்ததும் உங்க அக்கா ஒரு துண்டு கேட்டு வாங்கினார். "நல்லாத்தான் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார்.

இப்போது எல்லோரும் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்கள். அச்சில் ஒட்டியிருந்த காதைச் சுரண்டி எடுத்து வாயில் போட்டேன். ஓரம் முறுகி, வெண்ணெயும் ஏலக்காயும் மணக்க, முழு ஆட்டிலும் அதுதான் ருசி. இத்தனை வருஷம் ஏன் ரிஜெக்ட் செய்தீர்கள் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. திருட்டு ஆளய்யா நீங்கள்!

அச்சைக் கழுவித் துடைத்து, மூட்டையில் போடாமல், அதன் பழைய அலமாரியிலேயே வைத்துவிட்டேன். அடுத்த வருஷமும் இதே வீட்டில், இதே ஓவனில் உங்களுக்கு ஆடு வேகும். இது என் வாக்கு. தரம் மட்டும் இனிமேல் நான்தான் போடுவேன். காதும் எனக்குத்தான்.

வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கிறது. நாளைக் காலையில் பெங்களூர் போகிற காரில் நான் ஏறப்போவதில்லை. இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில்.

ரிஜெக்ட் ஆகாத உங்கள் மனைவி,
கோமதி