ஆம்புலன்ஸ் ஷெட் ஷட்டர்

ஜூன் 14, 1977, செவ்வாய்

காலையிலிருந்தே காற்று. கீழே உப்பல் பக்கம் இலைகூட ஆடவில்லையாம், பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நம் ஃபாக்டரிக் குன்றின் மேல் மட்டும் இந்தக் கூத்து. பாறைகளுக்கு நடுவே புகுந்து மேற்கிலிருந்து நேராக வருகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏறினேன். சட்டைப் பையிலிருந்த கேட் பாஸ் பறந்து, துரத்திப் பிடித்தேன். வாட்ச்மேனுக்கு நல்ல வேடிக்கை.

இன்று:
1. கேன்டீன் குழாய். முடிந்தது.
2. பிளேட்டிங் ஷாப் ஃபேன் பெல்ட். மாற்றியாயிற்று.
3. ஆம்புலன்ஸ் ஷெட் ஷட்டர். முடியவில்லை.

மூன்றாவதுதான் தலைவலி. ஷெட்டின் வாசல் சரியாக மேற்கே. கட்டினவன் ஜூன் மாதத்தில் இங்கே வந்து பார்த்திருக்க மாட்டான். பன்னிரண்டடி அகல ஷட்டர். காற்று அடித்தால் தொப்பை மாதிரி உள்ளே உப்புகிறது, தகரப் பட்டைகளின் நுனி பக்கத்துச் சேனலை விட்டு வெளியே வரப் பார்க்கிறது. நுனியைச் சேனலுக்குள் பிடித்து நிறுத்தும் கொக்கிகள் குறைந்தது முப்பது இருக்க வேண்டும். எண்ணினேன், ஒன்பது. மற்றவை துருப்பிடித்து விழுந்தே போயின. ஸ்டோரில் கிடையாது. சனத்நகர் காதர் பாயிடம் செய்து வாங்க வேண்டும். இன்டென்ட் எழுதிப் போட்டால் பத்து நாள்.

நாளை ரிவ்யூ. முடியாத வேலை என்று ஒரு ஜாப் கார்டு இருந்தாலும் செக்ஷனே நின்றுகொண்டு பாட்டு வாங்க வேண்டும். அதனால் எல்லா செக்ஷனிலும் நடப்பதுதான்: 'வேலை முடிந்தது' என்று எழுதிக் கார்டை மூடிவிட்டு, ரிவ்யூ முடிந்ததும் அதே வேலைக்குப் புதுக் கார்டு திறப்பது. எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. நானும் மூடினேன். சார்ஜ்மேன் என்ற இடத்தில் என் கையெழுத்து, தேதி.

அதுவரை ஷட்டர் தாங்க வேண்டுமே. ஒரு யோசனை வந்தது. பழைய லாரி டயர் ஒன்றை உள்பக்கமாக ஷட்டரின் நடுவில் நிறுத்தி, ஆம்புலன்ஸின் பம்பர் அதை அழுத்துகிற மாதிரி வண்டியை ஒட்டி நிறுத்துவது. அப்புறம் எப்படி உப்பும்? டிரைவர் மல்லய்யாவைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை. அவசரத்துக்கு எடுக்கும்போது டயரைத் தள்ள வேண்டும், வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும் என்றார். அரை நிமிஷ வேலை என்றேன். செய்தார். கடகட சத்தம் நின்றது. எனக்கே என் மேல் ஒரு மரியாதை.

ஜூன் 15, புதன்

ரிவ்யூ. முடியாத வேலைகள்: இல்லை. டெபுடி மேனேஜர் வரதன் சார் எல்லோர் முன்னாலும் 'வெரி குட்'. கும்பகோணத்துக்காரர். யார் இருந்தாலும் என்னிடம் தமிழில்தான் பேசுவார். நம்மவர் என்பதில் இரண்டு பேருக்குமே ஒரு சௌகரியம்.

ஃபோர்மேன் இன்டர்வியூ பட்டியல் நோட்டீஸ் போர்டில். 27, திங்கள். என் பெயர் இரண்டாவது. கேள்வி கேட்கிற போர்டில் வரதன் சாரும் உண்டு.

விஜயாவிடம் சொன்னேன். ஃபோர்மேன் ஆனால் குன்றுக்குக் கீழே குவார்ட்டர்ஸ். இந்த மேல் வரிசை வீட்டில் ஆறு வருஷமாகச் சோற்றில் மண், துணியில் மண், சுஜாவுக்கு மாதம் ஒரு தடவை இளைப்பு. அடுப்பங்கரையில் அவள் பாட்டு கேட்டது. சுஜாவிடம் "கீழ வீட்டுக்குப் போவமா?" என்றேன். "எப்புடு நான்னா?" என்கிறாள், எப்போது அப்பா என்று. தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும் இவளிடமிருந்து.

ஷட்டருக்குப் புதுக் கார்டு திறக்கவில்லை. நாளை.

ஜூன் 16, வியாழன்

சுருக்கமாக எழுதிவிடுகிறேன்.

4.20: பிளேட்டிங் ஷாப்பில் ஆசிட் கேன் சரிந்து பிக்ஷபதியின் இரண்டு காலிலும். முழங்காலுக்குக் கீழே.
4.25: மல்லய்யா வண்டியைப் பின்னால் எடுத்து, டயரைத் தள்ளி, ஷட்டரைத் தூக்கினார். வரவில்லை.
4.30: என்னைக் கூப்பிட ஆள். ஓடினேன். அடியில் ஏழெட்டுப் பட்டைகள் இரண்டு பக்கமும் சேனலை விட்டு வந்து மடங்கிக் கிடந்தன. கடப்பாரை போட்டோம். அசையவில்லை.
4.50: கேன்டீன் வேனில் பிக்ஷபதியை ஏற்றினார்கள். படுக்க இடமில்லை. பால் கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்தபடி, காலை ஒருவர் மடியில் வைத்துக்கொண்டு போனார்.
5.10: கேஸ் கட்டரால் ஷட்டரை வெட்டினோம். ஆம்புலன்ஸ் வெளியே வந்தது. ஏற்ற ஆள் இல்லை.

சாப்பிடவில்லை. விஜயா கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

ஜூன் 17, வெள்ளி

வெளிச்சத்தில் போய்ப் பார்த்தேன். வெட்டின பட்டைகளைத் தரையில் அடுக்கினேன். சந்தேகமே இல்லை. நடுவில் டயர் அழுத்திப் பிடித்ததால் ஷட்டரால் மொத்தமாக உப்பி அடங்க முடியவில்லை. டயருக்கு இரண்டு பக்கமும் தனித்தனியாக உப்பி, நுனிகளை உருவிக்கொண்டு வந்திருக்கிறது. டயர் இல்லாவிட்டால் ஒன்றிரண்டு பட்டை வளைந்திருக்கும், கையால் தட்டியே தூக்கியிருக்கலாம். என் மூளை வேலை செய்த லட்சணம்.

பதினொரு மணிக்கு மல்லய்யாவுக்கு மெமோ. வண்டியை ஷட்டரோடு ஒட்டி நிறுத்தியது ஏன்? ஷட்டர் நல்ல நிலையில் இருந்ததற்கு 14-ஆம் தேதி ஜாப் கார்டு ஆதாரம். ஆகவே டிரைவரின் கவனக்குறைவு. அந்தக் கார்டில் யார் கையெழுத்து என்று சொல்ல வேண்டியதில்லை.

மத்தியானம் மல்லய்யா செக்ஷன் வாசலில் வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஆம்புலன்ஸ் வாங்கின நாளிலிருந்து அவர்தான் டிரைவர். மெமோவை நீட்டிவிட்டு, மெதுவாகத்தான் கேட்டார்.

"மீரே செப்பின்ரு கதா சார்."

நீங்கள்தானே சொன்னீர்கள். ஆமாம் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? பார்க்கலாம், வரதன் சாரிடம் பேசுகிறேன் என்றேன். பேசவில்லை.

ஜூன் 18, சனி

காதர் பாய் வந்தார். இன்று யாரும் இன்டென்ட் கேட்கவில்லை, பத்து நாளும் ஆகவில்லை, ஜீப்பே அனுப்பிக் கூட்டிவந்தார்கள். வெட்டின ஷட்டரைப் பார்த்தார், மூலையில் கிடந்த டயரைப் பார்த்தார், சிரித்தார். யார் யோசனை என்று கேட்டார். அளவு டேப்பை நீட்டினேன்.

"ஹவா கு ரோக்னா நக்கோ சார். பட்டி கு பகடோ."

காற்றைத் தடுக்க வேண்டாம், பட்டையைப் பிடியுங்கள் என்று. பட்டைக்கு ஒரு கொக்கி, இரண்டு நுனியிலும். சேனல் இரண்டு அங்குலம் போதாது, நாலு. நடுவில் கழற்றுகிற தூண் வேண்டுமா என்று கேட்டேன். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்தில் கழற்றி மாட்டுகிற எதுவுமே வேண்டாம் என்றார். இதை எனக்குச் சொல்ல சனத்நகரிலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது.

புதுக் கார்டு திறந்தேன். மூன்று நாள் தாமதம்.

ஜூன் 19, ஞாயிறு

ஆஸ்பத்திரி. விஜயாவும் வந்தாள், ஹார்லிக்ஸ், சாத்துக்குடி. பிக்ஷபதி மெலிந்துபோய்ப் படுத்திருந்தார். காலுக்கு மேல் கூடை மாதிரிக் கம்பி, அதன் மேல் போர்வை. தொடைத் தோலை எடுத்து ஒட்டப்போகிறார்கள். நடப்பார், நாளாகும் என்றார் நர்ஸ். சீக்கிரம் வந்திருந்தால் இவ்வளவு உள்ளே இறங்கியிருக்காது என்றும் சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற மாதிரி இல்லை, சும்மா சொன்னார்.

பிக்ஷபதியின் மனைவி என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, வண்டி ஏன் வரவில்லை. ஷட்டர் ரிப்பேர் என்றேன். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் விஜயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டயர், கார்டு, மெமோ. ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். பிறகு, "அந்த டிரைவர் கேட்டப்ப நீங்க என்ன சொன்னிய?"

பார்க்கலாம் என்று சொன்னதைச் சொன்னேன்.

ஜூன் 21, செவ்வாய்

நேற்று எழுதினேன், இன்று கொடுத்தேன். அரைப் பக்கம். டயரை வைக்கச் சொன்னது நான். ஷட்டர் சரியாகாமலே கார்டை மூடியதும் நான். வரதன் சாரிடம் கையில் கொடுத்தேன். படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மல்லய்யா தப்பை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்துவிட்டாராம். ஒரு எச்சரிக்கையோடு முடிந்துவிடுமாம். என் கடிதத்தை எடுத்தால் கார்டு விவகாரம் வரும், கார்டு வந்தால் ரிவ்யூ வரும், எல்லா செக்ஷனும் மாட்டும்.

"கேஸ் முடிஞ்சுபோச்சுய்யா. ஆறு நாள்ல இன்டர்வியூவை வெச்சுண்டு நீ எதுக்கு நடுவுல போய்த் தலையைக் குடுக்கறே? நம்மாத்துப் பையனாச்சேன்னு சொல்றேன்."

கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தார். வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் சார் என்றும் சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. எச்சரிக்கைதானே, போகட்டும் என்று படிக்கட்டு இறங்குவதற்குள் சமாதானம் வேறு.

ஜூன் 22, புதன்

ஷட்டர் ஏறியது. காதர் பாயும் இரண்டு ஃபிட்டர்களும் காலை ஏழிலிருந்து. நாலங்குலச் சேனல், பட்டைக்கு இரண்டு கொக்கி, ஸ்பிரிங்கை ஒரு சுற்றுக் கூட்டினார்கள். மூன்று மணிக் காற்றில் பார்த்தோம். உப்புகிறது, முனகுகிறது, நுனி அசையவில்லை. மல்லய்யாவைத் தூக்கச் சொன்னேன். ஒரு கை. ஒரே வேகத்தில் மேலே சுருண்டது. நல்ல வேலை. ஒரு வாரத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

மல்லய்யா என் முகத்தைப் பார்க்கவில்லை. காதர் பாய்க்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

ஜூன் 24, வெள்ளி

மத்தியானம் மல்லய்யா வந்தார். கையில் இரண்டு காகிதம். ஒன்று ஆர்டர்: திங்கள் முதல் ஸ்கிராப் யார்டு, ஹெல்பர். எச்சரிக்கையோடு விடவில்லை. இரண்டாவது, அவர் கொடுத்த வாக்குமூலத்தின் நகல். இங்கிலீஷில் டைப் அடித்தது, கீழே தெலுங்கில் அவர் கையெழுத்து. கையெழுத்துப் போட்டால் வண்டியை விட்டு எடுக்க மாட்டோம் என்றார்களாம். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்றார்.

அவரை உட்காரச் சொன்னேன். ஒவ்வொரு வரியாகத் தெலுங்கில் சொன்னேன். நாலாவது வரி: சார்ஜ்மேன் இரண்டு முறை எச்சரித்தும் கேளாமல், என் இஷ்டத்துக்கு வண்டியை ஷட்டரோடு ஒட்டி நிறுத்தினேன்.

அந்த வரியை விட்டுவிட்டுப் படித்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திருக்காது. அந்த யோசனை வந்தது, இங்கே எழுதி வைக்கிறேன். படித்தேன், அந்த வரியையும்.

இரண்டு காகிதத்தையும் ஒன்றாக வைத்தார். "சரே சார்" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். விஜயா சுஜாவின் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுதிய, அவரு கையில குடுக்குதிய, அவரு திருப்பித் தாராரு. திருப்பித் தர முடியாத மாதிரி குடுக்க வழி இல்லியா?"

"வீடு?" என்றேன்.

"அந்த மனுசன யார்டுல பாத்துக்கிட்டே கீழ வீட்ல நா எப்பிடி இருக்க? எழுதுங்க. சுத்தி வளைக்காதிய."

நூலைப் பல்லால் அறுத்தாள். அழுதாள் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஜூன் 25, சனி

வழி உண்டு. ஆறு நாளாக எனக்கும் தெரியும். தபால் செக்ஷன். அங்கே கொடுத்தால் முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, நம்பர் போடுவார்கள். நம்பர் விழுந்த காகிதத்தை யாரும் மடித்துக் கையில் தர முடியாது. அதற்கு ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். இந்த ஃபாக்டரியில் அதற்கு மட்டும் எல்லோருக்கும் பயம்.

புதிதாக எழுதினேன். ஒரு பக்கம். டயர், கார்டு, 17-ஆம் தேதி மல்லய்யா கேட்டபோது நான் மழுப்பியது, 21-ஆம் தேதி கடிதம் கொடுத்துத் திருப்பி வாங்கியது. நான் யாரையும் எச்சரிக்கவில்லை என்று தனி வரியாக. மூன்று நகல்: ஜெனரல் மேனேஜர், பர்சனல் செக்ஷன், யூனியன்.

தபால் கிளார்க் பெண் நம்பர் போடுவதற்கு முன் மேலோட்டமாகப் படித்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நிச்சயம்தானா என்று கேட்கிற பார்வை. போடுங்கம்மா என்றேன். போட்டாள். பத்தே காலுக்கு வெளியே வந்தேன். பசித்தது. கேன்டீனில் நாலு இட்லி.

ஜூன் 27, திங்கள்

காற்று. இஸ்திரி போட்ட சட்டை கேட்டுக்கு வருவதற்குள் வீணாயிற்று.

8.30: யார்டு வழியாகப் போனேன். மல்லய்யா அங்கே இல்லை. ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம், மறுபடி விசாரணையாம். ஷெட்டுக்கு எதிரே பானட்டைத் திறந்து வைத்து ஆயில் பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனதைப் பார்த்தார். வணக்கம் வைக்கவில்லை. டிப் ஸ்டிக்கைத் துடைத்து மறுபடி உள்ளே விட்டார்.

11.00: இன்டர்வியூ. முதல் ஆளுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. கிரேன், பாய்லர், பாதுகாப்பு விதி, எல்லாம் கேட்டார்களாம். நான் உள்ளே போனேன். மேஜை மேல் என் கடிதம், முத்திரை மேலே தெரிகிற மாதிரி. போர்டில் மூன்று பேர். வரதன் சார்தான் பேசினார். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என்னிடம் இங்கிலீஷில். இது உங்கள் கையெழுத்தா, மிஸ்டர் சண்முகம்?

எஸ் சார் என்றேன்.

அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.