முனிரத்தினம்மாவின் வலது கை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கடையில் அச்சு ஸ்கிரீனில் பூசிய எமல்ஷன் பசை காயவே இல்லை. கடைசியில் பழைய ஹேர் டிரையர்தான். ஒரு கம்பெனி விளையாட்டு விழா டி-ஷர்ட் இன்னும் பாக்கி. கறிவேப்பிலை வாங்க மறந்தாயிற்று.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு என் சொந்த வேலை. பெங்களூரு கண்காட்சிக்கு ஐந்து படம். எல்லாமே பழைய பேப்பர் கடையில் பையோடு வாங்கிய நெகட்டிவ்களிலிருந்து. யார் எவரென்று தெரியாத முகங்கள். பெரிதாக்கி, ஸ்கிரீனில் ஏற்றி, அச்சு. ஐந்தில் பெரியது: துளை போடும் மெஷின் பக்கத்தில் ஓர் இளம்பெண், இரட்டைப் பின்னல். நெகட்டிவில் பூஞ்சை பிடித்து அவள் வலது கை முழுக்க அழிந்திருந்தது. அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டேன். போனில் அனுப்பியதைப் பார்த்துக் கண்காட்சி நடத்துபவர்: "அந்த ஓட்டைதாங்க படமே."

கொடியில் காயப் போட்டிருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை அடிக்க ஓர் அம்மா. பெயர் முனிரத்தினம்மா, கெலவரப்பள்ளி பக்கம், அறுபது வயதிருக்கும். மஞ்சள் அட்டையா ரோஸ் அட்டையா என்று புரட்டிக்கொண்டிருந்தவர், கொடியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

"இது நானு."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"புருவத்துக்கு மேல தழும்பு பாரு."

படத்தில் இருந்தது. அவர் நெற்றியிலும்.

"யாரைக் கேட்டு என்னை இங்க மாட்டி வெச்சிருக்கிற?"

நெகட்டிவ் கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். வேண்டாமென்றால் கண்காட்சியிலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். சொன்னேனே தவிர மனசில்லை. அது இல்லாமல் மற்ற நான்கும் ஒன்றுமில்லை.

அவர் படத்துக்குக் கிட்டே போனார். "மூஞ்சி இருக்கட்டும். என் கை எங்க?"

"பூஞ்சை தின்னுடுச்சும்மா."

"எங்க ஃபேக்டரி லைன்ல பொம்பளைய மெஷின்ல விட்டதே மொதல்ல என்னைத்தான். லிவரைப் புடிச்சு நிக்கறப்போ எடுத்த போட்டோ. கை இல்லன்னா, சும்மா நின்னு வேடிக்கை பாக்கறவ மாதிரி இருக்குது. கையோட போடு. இல்லன்னா போடாத."

ரோஸ் அட்டைக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலை 11, வெள்ளி

கண்காட்சிக்காரரிடம் பேசினேன். "ஓட்டையை அடைச்சா சாதாரண போட்டோ ஆயிடும், யோசிங்க." எனக்கும் அந்த ஓட்டை பிடிக்கும், பொய் சொல்வானேன். ஆனால் காலையிலிருந்து கண்ணை மூடினால் அந்த அம்மா கேட்டதுதான். கையோடுதான் அனுப்புவேன், இல்லையென்றால் அனுப்பமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கை எங்கே கிடைக்கும்? என் வீட்டுக்காரர் செல்வம், மதுரைக்காரர், ஷிஃப்டுக்குக் கிளம்பியவர் செருப்பை மாட்டிக்கொண்டே: "அந்தம்மா கைய்யி இப்பவும் அவுகட்டதானே இருக்கு? அதைப் போடு."

டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் போனார்.

ஜூலை 13, ஞாயிறு

முனிரத்தினம்மாவைக் கூப்பிட்டேன், வந்தார். பேப்பர் வெட்டும் மெஷினின் கைப்பிடியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்ததும் தோள் தானாக நிமிர்ந்தது. போனில் படம் எடுத்தேன். நரம்பு, சுருக்கம், கட்டைவிரலில் பழைய வெட்டு.

"சுருக்கத்தை எடுத்துடட்டுமாம்மா? கம்ப்யூட்டர்ல போயிடும்."

"எதுக்கு? ரிட்டயர் ஆகற வரைக்கும் ஓட்டுன கை. அப்படியே போடு."

காபி. சர்க்கரை வேண்டாமாம்.

ஜூலை 15, செவ்வாய்

முகம் கருநீலம், மெஷின் சாம்பல், கை செங்காவி. முதல் மூன்று தாள் வீண். கை ஒரு நூல் தள்ளி, மணிக்கட்டு அந்தரத்தில். நான்காவதில் உட்கார்ந்தது. இருபது வயதுப் பெண்ணுக்கு அறுபது வயதுக் கை. லிவரை அவளேதான் இழுக்கிறாள். இத்தனை வருடத்தில் நான் அடித்ததில் இதுதான். இதுதான்.

சாயங்காலம் முனிரத்தினம்மாவுக்குக் காட்டினேன். உடனே தன் அக்காவுக்குப் போன் போட்டுத் தெலுங்கில் ஒரே கத்தல்: "நேனே! பெத்தகா வேசினாரு!" நான்தான், பெரிசா போட்டிருக்காங்க. தெருவே திரும்பிப் பார்த்தது.

டி-ஷர்ட் அனுப்பியாயிற்று.

ஜூலை 17, வியாழன்

படங்களைக் குழாயில் சுருட்டி பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்காட்சிக்காரர் புதிய படத்தை விரித்து வெகுநேரம் பார்த்தார். "கலர் நல்லா வந்திருக்கு." அவ்வளவுதான். ஆனால் வாசலுக்கு நேரே மாட்டச் சொன்னார்.

ஜூலை 19, சனி

கண்காட்சித் திறப்பு. பெங்களூரு போகும் வழியில், அத்திப்பள்ளியில் டிராஃபிக். ஏழரைக்குக் கிளம்பியும் தாமதம். முனிரத்தினம்மா பட்டுப்புடவையில், மகளோடு. செல்வம் லீவு போட்டிருந்தார், இஸ்திரி போட்ட சட்டை.

நல்ல கூட்டம். முனிரத்தினம்மா படத்தை விட்டு நகரவே இல்லை. வருகிறவர்களுக்கெல்லாம் லிவரை எப்படி இழுக்க வேண்டும் என்று காற்றில் இழுத்துக் காட்டினார். ஒரு கல்லூரிப் பெண் அவரிடம் கன்னடத்தில், "ஆர்ட்டிஸ்ட் நீவேனா?" நீங்கள்தானா என்று.

"ஹௌதம்மா, நானே." ஆமாம்மா, நான்தான்.

பக்கத்தில்தான் நின்றிருந்தேன், அவர் கைப்பையைப் பிடித்துக்கொண்டு. திருத்தவில்லை.