மூக்குத்தியும் தண்ணீர்த் தொட்டியும்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தங்கையும் நேரத்துக்குச் சாப்பிடுகிறோம், படுக்கிறோம், எழுந்து நான் லாயத்துக்கும் அவள் பள்ளிக்கூடத்துக்கும் போகிறோம், அதற்குப் பெயர் நலம் என்றால் நலம்தான். கையெழுத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாய், இதை எழுதுகிறவள் சின்னவள். நான் பேனாவை எடுத்தால் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை. தாளைத் தாளாகக் கிழித்துப் போடுவதைப் பார்த்துவிட்டு, நீ சொல்லும்மா நான் எழுதறேன் என்று வந்து உட்கார்ந்துவிட்டாள். சொல்வதை மட்டும் எழுது, உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். (அண்ணா, அவசியமான இடத்தில் மட்டும் இப்படி அடைப்புக்குள் சேர்ப்பேன். அம்மா பாதி விஷயத்தை விழுங்கிவிடுகிறாள்.)

போன தடவை போனில் நீ சொன்னாயே, அந்தக் குதிரை அங்கே இருக்கிற வரைக்கும் நான் வீட்டுக்கு வரமாட்டேன், அதை வித்துத் தொலைக்கச் சொல்லு என்று, அதற்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் சரி பார்க்கலாம் என்று மட்டும் சொல்லி போனை வைத்துவிட்டேன். இப்போதெல்லாம் எல்லோரிடமும் அதைத்தான் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா கூரை ஒழுகுதே சரி பண்ணலையா என்றால் சரி பார்க்கலாம், சின்னவள் கையெழுத்துக்கு மதிப்பெண் அட்டையை நீட்டினாலும் சரி பார்க்கலாம். அவள்தான், பார்க்க வேண்டாம்மா, கையெழுத்து மட்டும் போடு என்றாள். நீ வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துபோயிருந்தது, ஆளுக்கு ஒரு துண்டாகச் சொன்னதை வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாய். அதனால் நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா போன அன்றைக்குக் காலையில் அவர்தான் மூக்குத்தியை லாயத்திலிருந்து மேய்ச்சல் வெளிக்கு நடத்திக்கொண்டு போனார். உனக்கு அவளைக் குட்டியாகத்தான் தெரியும், இப்போது நல்ல உயரம், மூக்குத் துளைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த வெள்ளைப் புள்ளி மட்டும் வளரவே இல்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போகும்போது அப்பா விழுந்தார். கயிற்றைக் கையில் சுற்றியிருந்தார். வேறு யாராவது அப்படிச் சுற்றினால் காது கிழியத் திட்டுகிற மனிதர், அன்றைக்கு என்ன நினைப்பில் இருந்தாரோ. அவர் எடை முழுவதும் கயிற்றில் தொங்கவும் அவள் மிரண்டு கொஞ்ச தூரம் இழுத்தாள். விழுவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். டாக்டருங்க ஆறுதலுக்கு அப்படித்தான் சொல்வாங்க என்று நீ சொன்னாய். இருக்கலாம், நான் டாக்டர் இல்லை. நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். தீவனக் கொட்டகையிலிருந்து தவிட்டுக் கையோடு நான் ஓடிவந்தபோது அவள் நின்றுகொண்டிருந்தாள். முன்னால் மேய்ச்சல் வெளியின் கதவு அகலமாகத் திறந்து கிடந்தது. நாலு காலும் நடுங்கிக்கொண்டிருந்தன, ஆனால் அவர் கையிலிருந்து நாங்கள் கயிற்றை அவிழ்க்கிற வரைக்கும் ஒரு குளம்பைக்கூட எடுத்து வைக்கவில்லை. ஓடுவதென்றால் ஓடியிருக்கலாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு கயிறு என்று ஒன்றைக் கண்டாலே அவள் வெளியின் கடைசி மூலைக்குப் போய்விடுவாள். மேனேஜர் கெட்ட மனிதர் இல்லை, ஆனாலும் இது குதிரை ஏற்றம் கற்றுக்கொடுக்கிற இடம்மா, முதியோர் இல்லமா நடத்தறேன், மாசக் கடைசிக்குள்ள மத்த குதிரைங்க மாதிரி கயித்துல நடக்கணும், இல்லேன்னா அனுப்பிடுவேன் என்றார். எங்கே அனுப்புவீர்கள் என்று கேட்டேன். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். நீ கேட்டதும் அதுதான். நான் எதுவுமே செய்யாமல் இருந்தால் போதும், நீ கேட்டது தானாக நடந்துவிடும். எதுவும் செய்யாமல் இருப்பது அப்போது எனக்குச் சுலபமாகவும் இருந்தது.

அப்பா இடத்துக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார், எந்நேரமும் விசிலடித்துக்கொண்டே இருப்பதால் சின்னவள் அவருக்கு விசில்காரர் என்று பெயர் வைத்துவிட்டாள், இப்போது மேனேஜரே அப்படித்தான் கூப்பிடுகிறார். நல்ல மனசு, குதிரையை அதட்டக்கூட மாட்டார். பை நிறைய கேரட்டோடு வாடி ராஜாத்தி, வாடி தங்கம் என்று கெஞ்சிக்கொண்டே போவார். அவர் ஓர் அடி வைத்தால் அவள் பத்தடி தள்ளிப்போவாள். என்னைப் பார்த்தா மாமியாரைப் பார்த்த மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்குதே என்று என்னிடம் வந்து புலம்பினார். கடைசியில் கேரட்டைப் பாதி அவரே தின்றுவிட்டார்.

தீவனம் வைப்பது என் வேலை. ஒரு நாள் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கத் தெம்பில்லை, காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளைப் பழக்க வேண்டும் என்று ஒரு எண்ணமும் இல்லை, எழுந்து போக வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. வேலிக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கழுத்தில் சூடாக மூச்சு பட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. தலைமுடியை மோந்து பார்த்துவிட்டுப் போனாள். மறுநாளும் உட்கார்ந்தேன், மறுநாளும் வந்தாள். (நூலகத்திலிருந்து நான் எடுத்து வந்த குதிரைப் புத்தகத்தில் இது இருக்கிறது அண்ணா. தன்னிடம் எதுவும் வேண்டாதவர் யார் என்று பார்க்கக் குதிரை தானே வருமாம். அம்மாவுக்கு அப்போது யாரிடமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அது எனக்கும் தெரியும்.) வேலிக்கு வெளியே நின்று பார்த்த விசில்காரர், நான் நாயா அலையறேன், நீங்க வாளியில உக்காந்தே காரியத்தை முடிச்சுட்டீங்களே என்றார். நான் ஒன்றும் முடிக்கவில்லை என்றேன், உண்மையும் அதுதான்.

பிறகு கயிற்றைக் கொண்டுபோனேன். முதலில் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தேன். அப்புறம் என் தோளில் போட்டுக்கொண்டேன், அப்புறம் அவள் தோளில் லேசாகத் தேய்த்தேன். அவள் மிரளுவதற்குள் எடுத்துவிடுவேன். ஒரு காதை என் பக்கம் திருப்பினாலும் போதும், எடுத்துவிடுவேன். அப்பா செய்வதை இத்தனை வருஷம் தீவனக் கொட்டகை வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். குதிரை துளி இறங்கி வந்ததும் கேட்பதை நிறுத்திவிட வேண்டும், நிறுத்துவதுதான் அதற்குக் கூலி என்பார். அப்படியே தலைக்கயிறு மாட்டுகிற வரைக்கும் வந்தது. வெளிக்குள்ளேயே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் என் பின்னாலேயே நடந்தாள், கயிறு தொய்வாகத் தொங்க நடந்தாள். லாயத்துக்குக் கூட்டிப்போகலாம் என்று கதவைத் திறந்தேன். வழி தொட்டியை ஒட்டித்தானே. அங்கே போனதும் நின்றுவிட்டாள்.

எத்தனை தடவை போனாலும் அதே இடம். விசில்காரர் பின்னாலிருந்து கை தட்டட்டுமா என்றார், வேண்டாம் என்றேன். முன்னால் தீவனத்தைக் காட்டிப் பார்த்தார், எட்டாத தூரத்துக்குக் கழுத்தை நீட்டினாளே தவிர காலை எடுக்கவில்லை. மேனேஜர் ஜன்னலிலிருந்து பார்ப்பதும் உள்ளே போவதுமாக இருந்தார். அதுக்கு அந்த இடம் ஞாபகம் இருக்கும்மா, இனிமே அந்தப் பக்கம் தாண்டாது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் அதையே சொன்னேன். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. எனக்குப் பதற்றமும் இல்லை. சரி போகட்டும் என்றுதான் இருந்தது.

ஒரு விடுமுறை நாள் உன் தங்கை அந்தப் புத்தகத்தோடு வேலியில் உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல நின்று திரும்பிவிட்டோம். இறங்கி ஓடிவந்தாள், அம்மா, மூக்குத்தி நிக்கலை, நீதான் முதல்ல நிக்கிற என்றாள். என்ன உளறுகிறாய் என்றேன். இந்த இடத்தை அவளே எழுதட்டும். (நன்றாகக் கவனித்து எழுதுகிறேன் அண்ணா. தொட்டிக்குக் கொஞ்சம் முன்னால் அம்மாவின் இடது கால் குட்டையாக விழுகிறது. தோள் மேலே ஏறுகிறது. மூச்சை இழுத்தவள் விடுவதில்லை. அப்போது மூக்குத்தியின் காது அம்மா பக்கம் திரும்புகிறது, அதற்குப் பிறகுதான் அது நிற்கிறது. கழுத்தில் ஈ உட்கார்ந்தாலே தெரிகிற மிருகத்துக்கு இது தெரியாதா? எல்லோரும் குதிரையையே பார்த்தார்கள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவ்வளவுதான். இன்னொன்று, அப்பா போனதிலிருந்து அம்மா வேலை முடிந்து வீட்டுக்கு வருவது தொட்டி வழியாக இல்லை. கொட்டகைக்குப் பின்னால், குப்பை மேட்டைச் சுற்றிக்கொண்டு வருகிறாள். மழை பெய்து முழங்கால் வரைக்கும் சேறாக இருந்தபோதும் அப்படித்தான் வந்தாள்.)

சத்தியமாக எனக்கே அது தெரியாது. சுற்றிப்போகிறேன் என்றுகூடத் தெரியாமல் சுற்றிப்போயிருக்கிறேன். போய்ப் படிக்கிற வேலையைப் பாரு, பெரிய குதிரை டாக்டர் என்று அவளைச் சத்தம் போட்டேன். கொட்டகைக்குள் போய்த் தவிட்டை அளந்தேன், அளந்ததையே மறுபடி அளந்தேன். சாயங்காலம் குதிரை இல்லாமல், கயிறு இல்லாமல், தனியாகத் தொட்டிக்குப் போனேன். ஒன்றும் இல்லை அங்கே. தண்ணீர் பச்சையாக இருந்தது, ஒரு குளவி மிதந்தது, தரையில் புல் முளைத்திருந்தது. அழுகை வரும் என்று நினைத்துச் சின்னவள் கைக்குட்டையோடு பின்னாலேயே வந்து நின்றாள், வரவில்லை. சும்மா நிற்க முடியாமல் பிரஷ்ஷை எடுத்துவரச் சொல்லித் தொட்டியின் பாசியைத் தேய்த்தேன். அடி வரைக்கும் தேய்த்துப் புதுத் தண்ணீர் விட்டோம். கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் மூக்குத்தியை வெளியே கூட்டிவந்தேன். போக வேண்டிய இடத்தை, லாயத்தின் வாசல் நிலையை, பார்த்து நடந்தேன். தொட்டி வந்தது. என் கால் குட்டையாக விழப்போவது இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. மூச்சை விட்டேன், காலை முழுசாக வைத்தேன். அவள் தயங்கினாள். தலையைத் தாழ்த்தித் தரையை மோந்தாள், பலமாக ஒரு தடவை மூச்சை ஊதினாள், தூசி பறந்தது. நான் இழுக்கவும் இல்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. வா போகலாம் என்றேன். வந்தாள். தாண்டியதும் நின்று நிதானமாக லத்தி போட்டுவிட்டு மறுபடி நடந்தாள். விசில்காரர் விசிலடிக்க வாயைக் குவித்தவர், எங்கே மிரண்டுவிடுமோ என்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். மேனேஜர் வெளியே வந்து, நாளைக்கும் நாளன்னைக்கும் இதே மாதிரி நடக்கட்டும், பார்க்கலாம் என்றார். நடந்தாள். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்குப் பசித்தது. இத்தனை நாள் நேரமாகிவிட்டது என்றுதான் சாப்பிட்டேன், அன்றைக்குப் பசித்துச் சாப்பிட்டேன். வேறு பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை.

ஆகவே கண்ணா, மூக்குத்தியை விற்கவில்லை, அவள் இங்கேதான் இருப்பாள். உனக்குக் கோபம் வரும், வரட்டும். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. குதிரையால்தான் வரமாட்டேன் என்கிறாய், அதை நீ நம்பித்தான் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் குப்பை மேட்டு வழிதான் கிட்டம் என்று நம்பித்தான் நடந்தேன். அவளை விற்றுவிட்டாலும் தொட்டி இங்கேதான் இருக்கும். (இதைச் சொல்லும்போது நான் எழுதாமல் அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுது என்றாள்.) எப்போது வருகிறாய் என்று ஒவ்வொரு போனிலும் கேட்டுக்கொண்டிருந்தேன், இனிமேல் கேட்கமாட்டேன். நீ வருகிற அன்று தொட்டி வரைக்கும் நான் கூடவே நடந்து வருகிறேன். நீ நின்றால் நானும் நிற்கிறேன், எவ்வளவு நேரமானாலும் நிற்கிறேன். யாரும் பின்னாலிருந்து கை தட்டமாட்டார்கள்.

பல்வலி என்றாயே, மாத்திரையிலேயே ஓட்டாமல் டாக்டரிடம் காட்டு. வேலையிடத்தில் யாரோடும் வாய்க்கு வாய் பேசாதே. தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நாலு பேருக்கு நல்லவனாக இரு. மறக்காமல் வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தூங்கு.

இப்படிக்கு
உன் அம்மா

(சொன்னது அம்மா, எழுதியது சின்னவள். அம்மா ஒரு தடவை முழுவதும் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். என் அடைப்புகளையும் சேர்த்துத்தான் படித்தேன். ஒன்றையும் அடிக்கச் சொல்லவில்லை.)