சாவி மகள் கையில்

காலை ஷிஃப்ட்டுக்கு பஸ் எடுக்க வேண்டியவள், தூங்கும் மகளின் கைக்குள்ளிருந்த டூல் பாக்ஸ் சாவியை மெல்ல இழுத்துப் பார்த்தாள். ஏழு வயதுப் பிடி இன்னும் இறுகியது. சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போய், நின்றபடியே புருஷனுக்குச் சீட்டு எழுதினாள்:

“என்னங்க, என் போன் டூல் பாக்ஸுக்குள்ளயே இருக்கு. பாப்பா எந்நேரமும் டேப்லெட்டும் கையுமா இருக்கறதுக்கு யார் காரணம்னு நேத்து மல்லுக்கட்டினோமே, அதுக்கு உங்க செல்ல மக குடுத்த தீர்ப்பு! டேப்லெட்டோட நம்ம ரெண்டு போனையும் சேத்துப் பூட்டிட்டா. எழுப்ப மனசு வரல. பஸ் ஓட்டறப்போ போன் எதுக்கு? அவ திறந்தப்புறம் ஏதாவது அவசரம்னா டிப்போவுக்கு அடிங்க.

முட்டை வேகவச்சிருக்கேன். குழாய் ரிப்பேர்காரர் வருவார். அவர் கூப்பிட்டா போன் எடுக்க முடியாது, வாசல்ல ஒரு கண் வையுங்க. உங்க அலாரம் பெட்டிக்குள்ளயே கத்தும், பதறாதீங்க.

எழுந்ததும் டேப்லெட் கேப்பா. சாப்பிட்டப்புறம் கொஞ்ச நேரம் குடுங்க. அதுவரைக்கும் நீங்களும் உங்க போனைத் தொடக்கூடாது. கவனிச்சுட்டே இருப்பா.”

செருப்பை மாட்டிக் கதவு வரை போனவள் திரும்பி வந்தாள். இடமே இல்லாத அடியோரத்தில் பொடிப்பொடியாக எழுதினாள்:

“நேத்து நீங்க சொன்ன எதையும் நான் ஒத்துக்கல. ஆனா போனெல்லாம் உள்ள போனப்புறமும் விடாம சண்டை போட்டோமே, அது மட்டும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துப் போட்டது. எவ்வளவு நாளாச்சு! சாயங்காலம் சீக்கிரம் வந்துடறேன், மிச்சத்தையும் போட்டுக்கலாம்.”