கைக்குத் தெரியாத கனம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். நீயும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்கள்? அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா?

ஒர்க்‌ஷாப்பில் அடுத்தவர் கார்களை எடுப்பதும் நிறுத்துவதும்தான் என் வேலை. உட்கார்ந்தே செய்வதுதான், ஆனாலும் சாயங்காலம் சட்டையைக் கழற்றக் கை எழும்புவதில்லை. பழைய வண்டிக்குப் பவர் ஸ்டீயரிங்கே கிடையாது. நின்ற இடத்தில் திருப்பினால் தோள்பட்டை கழன்றுவிடும். ஆயில் அழுத்தத்தில் திரும்பும் பவர் ஸ்டீயரிங் கொஞ்சம் முனகும், ஆனால் ரோடு எப்படி என்று கைக்குச் சொல்லும். ஸ்டீயரிங்கைத் திருப்பவே மோட்டார் வைத்த புது வண்டிக்கு ஒரு விரல் போதும். அது எதுவும் சொல்லாது.

போன வாரம் ஒரு பழைய வண்டியோடு மல்லுக்கட்டிவிட்டு, அதே கையோடு புது வண்டியில் ஏறினேன். பழக்கதோஷத்தில் பலமாகத் திருப்ப, அது சட்டென்று வளைந்து சுவரில் உரசிவிட்டது. பயப்படாதே, கீறல் வண்டிக்குத்தான்.

"வண்டிய ஓட்டச் சொன்னா அதோட குஸ்தி போடுறியேப்பா" என்று ஃபோர்மேன் தலையில் அடித்துக்கொண்டார். இப்போதெல்லாம் லேசாகத் திருப்பி, கனம் பார்த்துவிட்டுத்தான் எந்த வண்டியையும் எடுக்கிறேன்.

யாராவது இங்கே வந்தால் தோளுக்குத் தடவத் தைலம் கொடுத்தனுப்பு. பனியனும் இரண்டு வேண்டும்.

ஃபோர்மேன் கூப்பிடுகிறார், முடிக்கிறேன். மறந்துவிட்டேனே, மளிகைக்கடைத் தராசில் பாப்பாவை ஒருதரம் நிறுத்துப் பார்த்து எழுது. போட்டோவில் உயரம் தெரிகிறது, கனம் தெரியவில்லை. கிளம்பும்போது கைக்குழந்தையாகத்தானே தூக்கினேன். இந்தக் கைக்கு அந்தக் கனம்தான் தெரியும்.

பாப்பாவின் அப்பா