'போக்' என்ற சொல்லும் சிவபாதமும்

சனி, ஐப்பசி 18

இன்று மோர்னிங்சைட் முதியோர் சங்கத்தில் பேசினேன். ரஷ்யர் கடவுளைக் குறிக்கச் சொல்லும் 'போக்' என்ற சிறு சொல்தான் தலைப்பு. அந்தச் சொல்லுக்கு முன்னர் பங்கு, செல்வம் என்ற பொருள் இருந்தது. பங்கு தருபவன் கடவுள். எங்கள் 'பகு', 'பகவன்' என்பவற்றிலிருந்தே அது போனது என்று முடித்தேன். கை தட்டினார்கள்.

அப்போது சிவபாதம் எழுந்தான்.

"அண்ணை, உது பழைய ஈரானிய மொழியிலையிருந்து வந்திருக்கலாம் எண்டு போன கிழமை நீங்கள்தானே சொன்னியள்? தமிழுக்கு ஆதாரம் கிடைக்கேல்லை எண்டும் சொன்னியள்."

"அப்ப கடவுளும் எங்களைப்போல அகதியாத்தான் வந்தவரோ?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். சபை சிரித்தது. கட்டுரையை ஆண்டு மலரில் போடாமல் விடுவம் என்றார் செயலாளர். ஆறு வருஷம் நூலகத்தில் இருந்து, ரஷ்ய எழுத்துக்களையும் தனியாகப் படித்து நான் எழுதியது.

சொன்னேன்தான். கோப்பிக் கடையில், அவனிடம் மட்டும். நான் எழுதுவதையெல்லாம் இருபது வருஷமாக முதலில் வாசிப்பவன் அவன்.

வெளியே வந்ததும் கார்க் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்கோ அண்ணை, குளிருது. உள்ளதைத்தானே சொன்னனான்."

"உள்ளதையும் ஏத்திக்கொண்டு நீ போ. நான் பஸ்ஸிலை போறன்."

பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. அவன் காரை எடுக்கவில்லை. நானும் திரும்பிப் பார்க்கவில்லை.

கட்டுரையில் ஒரு எழுத்தும் மாற்ற மாட்டேன். அந்தச் சந்தேகம் என்னுடையது. என்றாவது ஒருநாள் சபையில் நானே அதைச் சொல்லியிருப்பேனா? தெரியாது. தெரிந்துகொள்ள அவன் விடவில்லை.